ஆயர் ஆய்வராகும்போது

திருச்சபையின் அருட்பணியை அறிவியல் முறையில் ஆய்ந்து முனைவர் பட்டம் பெறலாம் என்றால் இரு திசையிலிருந்தும் மறுப்பு எழும். இறைவன் அருளை அளவுகோல் கொண்டு அளப்பதோ என இறைப்பற்றுடையோர் கேட்பர். வழிபாடும் வேண்டுதலும் எவ்வாறு ஆய்வுப் பொருளாகும் என அறிவியலார் கேட்பர். இருவருக்கும் விடை ஒன்றே. அருளை அளக்க எவரும் முற்படவில்லை. அருளின் பெயரால் மாந்தர் ஆற்றும் பணியைத்தான் ஆய்வு நோக்குகிறது. அருளுரை கேட்டவர் எதை விளங்கிக்கொண்டார், துயர்வீட்டுக்குச் சென்ற மூப்பர் அங்கே என்ன பேசினார், திடப்படுத்தல் பெற்ற இளையோர் ஈராண்டு கழித்து எங்கே போயினர் என்பனவெல்லாம் கண்ணால் காணவும் காதால் கேட்கவும் கூடியவை. காணத்தக்கதை ஒழுங்குற நோக்கிப் பதிவு செய்யும் எத்துறையும் அறிவியலின் வாயிலில் நிற்கிறது.

அருட்பணி முனைவர் என்னும் பட்டம் பிறந்த இடம் ஐக்கிய அமெரிக்க நாடுகள். 1960-களில் சிகாகோ, கிளேர்மாண்ட் முதலிய இடங்களின் இறையியல் பள்ளிகள் இதனை முயன்று பார்த்தன. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க, கனடிய இறையியல் பள்ளிகளின் கழகம் இதற்கு நெறி வகுத்தது. வழக்கமான முனைவர் பட்டத்துக்கு ஆய்பவர் தம் துறையறிவுக்குப் புதியதொன்றைச் சேர்க்க வேண்டும். நூலகத்தை விட்டு அவர் வெளிவராவிட்டாலும் குறையில்லை. அருட்பணி முனைவர் பட்டத்துக்கு ஆய்பவரோ இறையியலில் பட்டம் பெற்று, சில ஆண்டுகளேனும் சபைப்பொறுப்பு வகித்து, அப்பொறுப்பில் இருந்துகொண்டே ஆய வேண்டும். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு ஆண்டுகள் ஆகும். தம் சபையில் ஒரு குறையைக் கண்டு, அதற்கு ஒரு செயலை வகுத்து, நடத்தி, விளைந்ததை உற்றுநோக்கிச் சான்றுடன் எழுதுவதே அவர் அளிக்கும் திட்ட ஆய்வேடு.

இங்கே ஆய்வுக்களமும் வாழுமிடமும் ஒன்று. ஆய்பவரும் ஆயப்படுவோரும் ஒரே திருவிருந்தில் பங்கு கொள்பவர்கள். வேறெந்த ஆய்வாளருக்கும் எளிதில் திறவாத வீட்டுக் கதவுகள் ஆயருக்குத் திறக்கும்; அதே காரணத்தால் வேறெந்த ஆய்வாளரிடமும் கூறத் தயங்காத உண்மையை அவரிடம் மறைப்பதும் நேரும். சபையார் தம் ஆயரை மறுத்துரைக்க வழி செய்யாத ஆய்வு, எத்தனை அட்டவணைகளைத் தாங்கி வந்தாலும், ஆய்வு என்னும் பெயருக்குத் தகுதியுடையதன்று என்பதே என் துணிபு. இத்துறையின் வரலாற்றையும் வழிமுறைகளையும் அக்கண் கொண்டே இங்குக் காண்கிறேன்.

செயல்முறை இறையியலை இறையியலின் தனிக் கிளையாக வகுத்துக் காட்டியவர் செருமானிய அறிஞர் பிரீட்ரிக் சிலையர்மாகர். 1811-இல் அவர் வெளியிட்ட சிறுநூல் இறையியலை மெய்யியல்வழி, வரலாற்றுவழி, செயல்வழி என முப்பிரிவாக அமைத்தது. ஆயினும் நூலேட்டின் மேலிருந்த கண்ணை மாந்தர்பால் திருப்பிய பெருமை அந்தோன் பாய்சனுக்கு உரியது.

பாய்சன் 1876-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். காட்டியல் கற்று, பின் நியூயார்க்கு ஒன்றிய இறையியல் கல்லூரியில் பயின்று, நாட்டுப்புறச் சபைகளின் நிலையைக் கணக்கெடுக்கும் பணியில் ஊர் ஊராகச் சென்றவர். 1920-இல் அவர் மனம் நிலைகுலைந்தது. மாசாசூசெட்சு மாநிலத்து மனநல மருத்துவமனையில் ஓராண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். அங்கே உடல்நோய்க்கு மருத்துவர் உண்டு. ஆனால் உயிரே ஆட்டங்காணும் வேளையில் ஒருவன் படும் பாட்டை இறைநோக்கில் கேட்டறிய ஆளில்லை என்பதைத் தம் நோயிலேயே உணர்ந்தார். மனச்சிதைவு சிலவற்றில், சிதறிய வாழ்வை மீண்டும் ஒருங்கு கூட்ட உள்ளம் போராடுகிறது என்பது அவர் கருத்து. கருத்தோடு நின்றுவிடாமல் அதைச் சோதிக்கவும் முனைந்தார்.

பாசுடன் நகரில் மருத்துவர் ரிச்சர்டு காபட்டு, நோயாளர் ஒவ்வொருவரின் வரலாற்றையும் முறைப்படி எழுதி அதன்வழி மாணவருக்கு மருத்துவம் கற்பித்து வந்தார். அம்முறையைப் பாய்சன் அவரிடம் பயின்றார். 1924-இல் வூசுடர் மாநில மருத்துவமனையின் அருட்பணியாளராக அமர்ந்தார். 1925-ஆம் ஆண்டுக் கோடையில் இறையியல் மாணவர் சிலரை அங்கே வரவழைத்தார். அவர்கள் நோயாளர் கூடங்களில் பணியாளராக உழைத்தனர். ஓய்வு வேளையில் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிப் பாய்சனோடு ஆய்ந்தனர். உயிருள்ள மனிதரும் படிக்க வேண்டிய ஆவணமே, பழம்பெரும் நூலைப் படிக்கும் அதே கவனம் அவருக்கும் உரியது என்பது பாய்சனின் கோட்பாடு. மருத்துவமனைவழி அருட்பணிக் கல்வி என இன்று உலகெங்கும் நடைபெறும் பயிற்சியின் ஊற்று அந்தக் கோடைக்காலமே. சில ஆண்டுகளில் ரசல் டிக்சு என்னும் அருட்பணியாளர் நோயாளரோடு தாம் பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதிப் பார்க்கும் வழக்கத்தை வளர்த்தார்; காபட்டும் அவரும் சேர்ந்து எழுதிய நூல் 1936-இல் வந்தது. பாய்சனின் பெருநூலும் அதே ஆண்டில் வெளிவந்தது.

சொல்லுக்குச் சொல் எழுதும் அவ்வழக்கத்தின் அருமையை எழுதிப் பார்த்தவரே அறிவர். நோயாளர் 'வீட்டுக்குப் போனால் யார் பார்ப்பார்' என்று முணுமுணுத்த இடத்தில் ஆயர் திருப்பாடல் படிக்கத் தொடங்கிவிட்டதைத் தாள் காட்டிக்கொடுக்கும். நினைவில் நிற்கும் உரையாடலில் ஆயர் பொறுமையாகக் கேட்டிருப்பார். எழுத்தில் உள்ளபடி அவர் இடைமறித்திருப்பார்.

இரண்டாவது ஊற்று உளவியலிலிருந்து வந்தது. 1933-இல் செருமனியை நீங்கி அமெரிக்கா சேர்ந்த யூத அறிஞர் கர்ட் லெவின், 1946-இல் செயலாய்வு பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். வேற்றினத்தாரிடையே நல்லுறவு வளர்க்க உழைப்போர் தம் உழைப்பு பயன் தருகிறதா என்றறிய வழியின்றித் தவிப்பதை அவர் கண்டார். திட்டமிடு, செய், விளைந்ததைக் கண்டறி, கண்டதைக் கொண்டு திட்டத்தைத் திருத்து, மீண்டும் செய் எனச் சுழன்று மேலேறும் முறையை அவர் வகுத்தார். அடுத்த ஆண்டே லெவின் மறைந்தார். முறை வாழ்ந்தது. கல்வியாளரும் செவிலியரும் வேளாண் பணியாளரும் அதை எடுத்தாண்டனர். அருட்பணி முனைவர் ஆய்வுக்கும் அதுவே முதுகெலும்பாயிற்று.

இனி வழிமுறைக்கு வருவோம். முதற்சிக்கல், ஆய்வுச்சிக்கலைத் தேர்வதே. 'எம் சபையின் ஆவிக்குரிய வளர்ச்சி' என்று தொடங்கும் ஆய்வு எங்கும் சென்று சேராது; அதனை எவரும் காணவும் எண்ணவும் இயலாது. இவ்வாறு ஒன்றைக் கற்பனை செய்வோம். ஒரு சபையில் இறப்பு நேர்ந்தால் அடக்கத்துக்கு ஊரே திரள்கிறது; நாற்பதாம் நாள் வேண்டுதலுக்குப் பின் அவ்வீட்டு வாயிலை எவரும் மிதிப்பதில்லை. கைம்பெண்ணொருவர் சில மாதங்களில் வழிபாட்டுக்கு வருவதையும் நிறுத்திக்கொள்கிறார். ஆயர் ஒருவரால் எல்லா வீட்டுக்கும் செல்ல இயலாது. சபையாருள் பத்துப் பேரைத் தேர்ந்து, துயருற்றோரைக் கேட்டு ஆற்றும் கலையில் எட்டு வாரம் பயிற்றி, ஆறு மாதம் வீடுகளுக்கு அனுப்பினால் என்ன நிகழும்? இது சிறிய வினா. விடை காணத்தக்க வினா. எல்லை சுருங்கியபோதே ஆழம் கூடுகிறது.

பிரின்சுடன் இறையியல் கல்லூரியின் ரிச்சர்டு ஆசுமர், 2008-இல் வெளியிட்ட நூலில் செயல்முறை இறையியலின் நான்கு பணிகளை வினாக்களாக நிறுத்தினார். என்ன நிகழ்கிறது? ஏன் நிகழ்கிறது? என்ன நிகழ வேண்டும்? நாம் எவ்வாறு மறுமொழி தருவது? இந்நான்கில் பெரும்பாலான ஆயர்கள் கடைசி வினாவிலிருந்தே தொடங்குவர். தீர்வு முன்பே மனத்தில் இருக்கும்; அதற்கேற்ற சிக்கலைப் பின்னர்த் தேடுவர். நம் எடுத்துக்காட்டில், வீட்டுக்கு வருவோர் இன்மையால்தான் கைம்பெண் வழிபாட்டை விட்டார் என்பது ஆயரின் ஊகம். அவரிடம் சென்று கேட்டால், கோவிலில் தாமும் கணவரும் அமர்ந்த இருக்கையில் தனியே அமர இயலவில்லை என்று சொல்லக்கூடும். அல்லது அடக்கச் செலவுக்கு வாங்கிய கடனைத் திருப்பாமல் கடன் கொடுத்தவர் முகத்தில் விழிக்கக் கூசுகிறார் என்று தெரியவரலாம். முதல் இரு வினாக்களுக்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்காத ஆய்வு, நோய் நாடாத மருத்துவம் போன்றே இடர் விளைக்கும்.

கேட்டறிவதிலும் ஒரு கண்ணி உண்டு. மக்கள் தாம் செய்வதாகச் சொல்வதும் உண்மையில் செய்வதும் வேறு வேறு; இறைப்பணி சார்ந்தவற்றில் இவ்வேறுபாடு பெரிது. அமெரிக்கரில் பத்துக்கு நால்வர் வாரந்தோறும் ஆலயம் செல்வதாகக் கருத்துக்கணிப்புகள் பல பத்தாண்டுகளாகக் கூறிவந்தன. கிர்க் ஆடவே, பென்னி மார்லர், மார்க் சேவசு என்னும் மூவர் இதனைச் சோதிக்கத் துணிந்தனர். ஓகையோ மாநிலத்து அசுடபுலா மாவட்டத்தில் இருந்த ஆலயங்களையெல்லாம் தேடிப் பட்டியலிட்டனர். ஏடுகளில் பதிவாகாத சிறு சபைகளைக் கண்டறியச் சாலைகளில் சுற்றினர். ஒருபுறம் தொலைபேசி வழியே மக்களைக் கேட்டனர்; மறுபுறம் ஆலயங்களுக்கு உண்மையில் வந்தோர் தொகையைத் திரட்டினர். 1993-இல் வெளிவந்த முடிவு பலரையும் திடுக்கிட வைத்தது. அம்மாவட்டத்தின் சீர்திருத்தச் சபையாரில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினர் வாரந்தோறும் செல்வதாகச் சொல்ல, வந்தோர் ஏறத்தாழ 20 விழுக்காடே. கத்தோலிக்கரிடையிலும் சொல்லுக்கும் வருகைக்கும் இடையே பெரும் பிளவு காணப்பட்டது. நாடு முழுமைக்கும் நோக்கினால் உண்மை வருகை, சொல்லப்பட்டதில் பாதியளவே இருக்கும் என அவர்கள் கணித்தனர்.

இம்மக்கள் பொய்யர் என்று கொள்வது தவறு. தாம் ஆலயம் செல்லும் மக்கள் என்னும் தன்மதிப்பையே அவர்கள் விடையாகத் தந்தனர். முகம் தெரியாத தொலைபேசிக் குரலிடமே இவ்வாறு சொன்னவர்கள், தமக்குத் திருமுழுக்குக் கொடுத்த ஆயரே வினாத்தாளை நீட்டினால் எவ்வாறு சொல்வர்? 'இப்பயிற்சி உங்கள் இறைவேண்டலை வளர்த்ததா' என்று ஆயர் கேட்க, 'ஆம்' என்று பதின்மரும் எழுதுவது விடையாகாது. அது ஆயருக்குச் செலுத்தும் மரியாதை.

இவ்விடத்தில் எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் வினாத்தாள் கொடுத்து, 12 பேரில் 9 பேர் முன்னேறினர், ஆகவே 75 விழுக்காடு வெற்றி என்றெழுதும் ஆய்வேடுகள் மிகுதி. பன்னிருவரில் ஒருவர் அன்று தலைவலியோடு வந்திருந்தாலே விழுக்காடு எட்டுக்கு மேல் மாறிவிடும். சிறு குழுவுக்கு விழுக்காடு பொருந்தாது. அப்பன்னிருவரும் என்ன சொன்னார்கள், எவ்வாறு நடந்தார்கள் என்பதைச் செறிவாக எழுதும் பண்புசார் முறையே அங்கு ஏற்றது. எண்ணத்தக்கவற்றை எண்ணலாம்: ஆறு மாதத்தில் எத்தனை வீடுகளுக்கு எத்தனை முறை சென்றனர், எத்தனை பேர் இடையில் விலகினர். எண்ணும் இடமும் எழுதும் இடமும் எவை எனப் பகுத்தறிவதே ஆய்வரின் திறம்.

ஆயரின் தனிப்பார்வை தரும் பிழையைக் களைய டெக்சாசு மாநிலத்து அபிலீன் கிறித்தவப் பல்கலைக்கழகத்தின் டிம் சென்சிங், 2011-இல் இப்பட்டத்துக்கென்றே எழுதிய நூலில் ஒரு முறையைத் தந்தார். ஒரே நிகழ்வை மூன்று கோணத்திலிருந்து நோக்குதல் என்று அதைச் சுருங்கக் கூறலாம். ஆய்வர் தாமே எழுதும் களக்குறிப்பு முதற்கோணம். பங்கேற்றோரின் நேர்காணலோ எழுத்தோ இரண்டாம் கோணம். திட்டத்தில் பங்கேற்காத, துறையறிவுடைய வெளியாள் ஒருவரின் மதிப்பீடு மூன்றாம் கோணம். 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையை அடுத்து ஓர் அடிக்கோட்டை அளந்துகொண்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றை நோக்கி, கால் பதிக்காமலேயே அதன் இடத்தைக் கணித்தாரே, அவ்வாறே ஒருவர் நின்ற இடத்திலிருந்து தெரியாதது பல இடங்களிலிருந்து நோக்கும்போது நிலைபெறுகிறது.

மூன்று சான்றுகளும் கைக்கு வந்தபின் சென்சிங் மூன்று பொருள்களைத் தேடச் சொல்கிறார். மூன்றும் ஒத்துப்போகும் கருப்பொருள்கள். ஒன்றோடொன்று முரணும் இடங்கள். எவரும் பேசாத மௌனங்கள். முதலாவதை எல்லாரும் எழுதிவிடுகின்றனர். இரண்டாவதைச் சிலர் எழுதுகின்றனர். மூன்றாவதை எழுதுபவர் மிகச் சிலரே. ஆய்வின் உயிர் பெரும்பாலும் அதிலேதான் ஒளிந்திருக்கிறது. துயர்வீட்டுப் பயிற்சியில் எட்டு வாரமும் பெண்கள் பேசவே இல்லையெனில், அல்லது குடியால் இறந்தவரைப் பற்றியும் தற்கொலை செய்துகொண்டவரைப் பற்றியும் ஒரு சொல்லும் எழவில்லையெனில், அம்மௌனமே தரவு. பேசப்படாததைக் காணும் கண், குறிப்பேட்டை அன்றிரவே எழுதும் ஒழுக்கத்தால் வாய்க்கும். கண்டதை ஒரு பக்கத்திலும் அதற்குத் தாம் கொண்ட பொருளை எதிர்ப் பக்கத்திலும் எழுதுவது நல்ல வழக்கம். 'அவர் சினந்தார்' என்பது பொருள்கோள். 'அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சென்றார்' என்பது காட்சி.

சபையின் நலங்களிலிருந்து தொடங்கும் பாராட்டு வினாமுறையும் இத்துறையில் பரவியுள்ளது. டேவிட் கூப்பர்ரைடரும் இந்தியாவில் பிறந்த சுரேசு சிரீவத்சவாவும் 1987-இல் முன்வைத்தது இது. சோர்ந்த சபைக்கு இது நலம் தரும். ஆனால் ஒடுக்கப்பட்டோரின் வலி பேசப்பட வேண்டிய சபையில், நல்லவற்றை மட்டுமே சொல்லச் சொல்வது வாயடைப்பதற்கு ஒப்பாகும் என்பதால் இம்முறையை நான் விழிப்போடே பரிந்துரைப்பேன்.

ஆய்வறம் இங்கே பின்னிணைப்பாக நிற்கத்தக்கதன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டசுக்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கொண்ட கறுப்பின ஆண்களை அவர்கள் நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல், மருந்து கண்டபின்னும் கொடாமல், அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை உற்றுநோக்கி வந்தது. இக்கொடுமை வெளிப்பட்டபின் 1974-இல் ஆய்வுச் சட்டம் வந்தது. 1979-இல் பெல்மாண்ட் அறிக்கை மாந்தரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்னும் மூன்று நெறிகளை நிறுத்தியது. இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் மாந்தரை ஆயும் திட்டங்கள் ஆய்வற மன்றத்தின் பார்வைக்குச் செல்கின்றன. ஆயரின் சிறு திட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு எனச் சிலர் கேட்பர். தொடர்பு அதிகாரத்தில் இருக்கிறது. பிள்ளையின் திருமணத்தை நடத்தி வைக்கவும் கல்விச் சான்றில் கையொப்பமிடவும் ஆயரை நாட வேண்டிய ஒருவர், அவர் கேட்கும் ஒப்புதலை மறுக்கும் உரிமையுடன் தருகிறாரா? மறுத்தால் எவ்விழப்பும் நேராது என்று தாளில் எழுதினால் போதாது. மறுத்தவர் யார் என ஆயருக்கே தெரியாதபடி வேறொருவர் ஒப்புதல் பெறுவது நேரிய வழி. மேலும், எண்பது குடும்பம் கொண்ட சபையில் பெயரை மாற்றி எழுதுவதால் ஒருவரும் மறைவதில்லை. 'அறுபது அகவையுடைய ஓய்வுபெற்ற ஆசிரியை' என்றவுடன் ஊருக்கே தெரிந்துவிடும். தனிமையில் அருட்பணியாளராக அறிந்த மறைபொருளை ஆய்வராகப் பயன்படுத்துவதோ இருவகைப் பணிக்கும் இரண்டகம் செய்வதாகும்.

இத்தகு ஆய்வு தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. இந்தியத் தேசியக் கிறித்தவப் பேரவையின் பணிப்பில் அமெரிக்க மெத்தடிசுத் தொண்டர் வாசுக்கம் பிக்கெட்டு, இந்தியாவில் கூட்டங்கூட்டமாக மக்கள் கிறித்தவம் தழுவியதை ஆயத் தொடங்கினார். அவர் தேர்ந்த களங்களுள் அன்று திருவிதாங்கூர் நாட்டில் இருந்த நாகர்கோவிலும் ஒன்று. இவர்கள் சோற்றுக்கும் சலுகைக்கும் மதம் மாறியோர், இவர்களிடம் உண்மைப் பற்று இராது என்பது அக்காலத்தில் திருச்சபைக்குள்ளேயே பலரும் கொண்டிருந்த எண்ணம். பிக்கெட்டின் குழு வீடு வீடாகச் சென்று, ஏன் கிறித்தவரானீர் என்று கேட்டது. விடைகளை இறைநாட்டம், உலகியல் நலம், சமூக உறவு, பிறப்பு என நான்காகப் பகுத்தது. பின்னர், வழிபாட்டு வருகை, திருமறையறிவு, கொடை, பழம் அச்சங்களினின்று விடுதலை முதலியவற்றில் ஒவ்வொரு பிரிவினரும் எந்நிலையில் உள்ளனர் என ஒப்பிட்டது.

1933-இல் வெளிவந்த அவர் நூல் தந்த முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக அமைந்தது. வந்த காரணம் எதுவாயினும் பின்னைய வாழ்வில் பெரும் வேறுபாடு இல்லை. திருமுழுக்குக்குப் பின் அவர்களுக்குக் கிடைத்த கற்பிப்பும் அருட்பணிக் கவனிப்புமே வேறுபாட்டை உண்டாக்கின. ஏழையின் நோக்கத்தை ஐயுற்றோர்க்கு அது தக்க மறுமொழி. குறை அவர்களிடம் இல்லை, அவர்களுக்குக் கற்பிக்காமல் விட்டோரிடமே உள்ளது என்று தரவு சுட்டியது. இதிலும் குறைபாடு உண்டு. பல்லாண்டுக்கு முன் கொண்ட நோக்கத்தைப் பின்னாளில் நினைவுகூர்ந்து சொன்ன விடைகள் அவை. கேட்டவர்கள் திருச்சபையின் ஆட்கள். அசுடபுலாவில் கண்ட பிளவு இங்கும் இல்லாதிருக்க முடியாது. ஆயினும் ஊகத்தால் தீர்ப்பளித்து வந்த பொருளில் மக்களையே கேட்க வேண்டும் என்று துணிந்தமையும், கேட்டதைத் தம் அமைப்பின் முன்னெண்ணத்துக்கு எதிராகவே வெளியிட்டமையும் இன்றைய ஆய்வர் ஒவ்வொருவரும் கற்கத்தக்கவை.

இனி இறையியலின் இடம் எது? பல ஆய்வேடுகளில் இரண்டாம் இயல் திருமறை மேற்கோள்களால் நிரம்பியிருக்கும். அடுத்த இயல்களில் அதன் சுவடே இராது. இங்கிலாந்தில் எலன் கேமரனும் அவர் தோழரும் 2010-இல் வெளியிட்ட நூல் இதற்கொரு நல்ல கருவியைத் தந்தது. ஒரு சபையில் நான்கு இறையியற் குரல்கள் ஒலிக்கின்றன என்றனர் அவர்கள்: திருமறையும் திருச்சபை மரபும் தரும் நெறிக்குரல், அறிஞரின் கல்விக்குரல், சபையார் தாம் நம்புவதாக எடுத்துரைக்கும் குரல், அவர்கள் செயலிலேயே பொதிந்து கிடக்கும் குரல். துயர்வீட்டில் 'எல்லாம் இறைசித்தம்' என்று மூப்பர் சொல்வது எடுத்துரைக்கும் குரல். அதே மூப்பர் வாய் திறவாமல் மூன்று மணிநேரம் அருகமர்ந்து, அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்துக் கொடுப்பது செயலின் குரல். இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று வினவுமிடத்தில் ஆய்வு இறையியலாகிறது. யோபுவின் நண்பர் ஏழு நாள் வாய் பேசாது அமர்ந்திருந்ததையும், பேசத் தொடங்கியபின் அவனை வதைத்ததையும் அப்போது சபையார் புதுக்கண்ணோடு படிப்பர். தரவு மட்டும் 'வேண்டும்' என்பதைக் கட்டளையிடாது. திருமறையும் களத்தைக் காணாமல் 'நிகழ்கிறது' என்பதைச் சொல்லாது. இவ்விரண்டையும் உரையாட விடுவதே ஆசுமரின் மூன்றாம் வினாவின் பணி.

ஒரு சபையில் கண்டது எல்லாச் சபைக்கும் பொருந்துமா என்பது தேர்வாளர் தவறாமல் கேட்கும் வினா. இவோன்னா லிங்கனும் ஈகன் கூபாவும் 1985-இல் தந்த மறுமொழி தெளிவானது: பொருந்தும் என்று உறுதி கூறுவது ஆய்வரின் கடமை அன்று; படிப்பவர் தம் சூழலோடு ஒப்பிட்டுத் தாமே முடிவு செய்யும் அளவுக்குக் களத்தைச் செறிவாக எழுதிக்காட்டுவதே கடமை. சபை எவ்வூரில் உள்ளது, எத்தொழில் செய்வோர் மிகுதி, எவர் எந்த வரிசையில் அமர்வர், முந்தைய ஆயரோடு என்ன பிணக்கு இருந்தது என்பன எழுதப்படாவிடின் எந்த முடிவையும் எவரும் எடுத்துச் செல்ல இயலாது. திட்டம் தோற்றாலும் அவ்வாறே. பத்துப் பேரில் அறுவர் மூன்றாம் மாதத்தில் நின்றுவிட்டனர் என்றால், ஏன் நின்றனர் என்பதைக் கேட்டு எழுதும் ஆய்வேடு, வெற்றியை மட்டும் எழுதும் பத்து ஆய்வேடுகளினும் அடுத்த ஆயருக்குப் பயன்படும். தேர்வாளர்கள் இதனை மதித்து மதிப்பெண் இட்டாலன்றி மாணவர் தோல்வியை எழுதத் துணியார்.

இந்தியாவில் இறையியற் பட்டங்களுக்கு நெடிய மரபு உண்டு. 1818-இல் கேரி, மார்சுமன், வார்டு ஆகிய மூவர் நிறுவிய செராம்பூர்க் கல்லூரி 1827-இல் தென்மார்க்கு அரசரின் பட்டயத்தால் பட்டமளிக்கும் உரிமை பெற்றது. 1918-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை உறுதி செய்தது. சென்னைக் குருகுல இறையியல் கல்லூரியும் மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் செராம்பூரின் ஆட்சிப்பேரவையோடு இணைந்தவை. இம்மரபில் வரும் கல்லூரிகளுக்கும் பேராயங்களுக்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். சபையை ஆய்ந்து பட்டம் பெறும் ஆயர் எவராயினும், தேர்வாளருக்கு ஆய்வேட்டை அளிக்கும் முன், கண்டறிந்தவற்றைத் தமிழில் இருபது பக்கமாகச் சுருக்கித் தமக்கு விடையளித்த சபையாரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். அவர்கள் 'இது தவறு, நாங்கள் சொன்னது இதுவன்று' என்று சொல்வதையும் ஓர் இயலாக அவ்வேட்டிலேயே சேர்க்க வேண்டும். பட்டம் வழங்குவதற்கு அவ்வியலை ஒரு நிபந்தனையாகவே வையுங்கள்.